எத்தனை தடவை, எவ்வளவு

இஸ்திரிக்காரம்மாவுக்கு அந்த நர்ஸை முதல் நாளே பிடிக்காமல் போய்விட்டது. ஆறாம் நம்பர் கட்டிலில் புருஷனைப் படுக்கவைத்து, தலையணையைத் தட்டிச் சரிசெய்து, அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்த நேரம். கட்டையான உருவமும் நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியுமாக ஒரு நர்ஸ் வந்து நின்றாள். சாப்பிட்டீர்களா, எப்படி இருக்கிறது என்ற பேச்செல்லாம் கிடையாது. வந்து நின்றதும் நின்றதுமாக, "அண்ணே, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?" என்று கேட்டாள். வார்டு முழுக்கக் கேட்கிற குரல். புருஷன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்தாம் நம்பர் கட்டிலில் கிடந்தவர் வேலை பார்த்த காலத்தில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் கிடப்பவர் என்பதால் அந்த வார்டில் அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது. நர்ஸ் நகர்ந்ததும் இஸ்திரிக்காரம்மாவிடம் குனிந்து, அதற்கு இங்கே 'மூத்திர நர்ஸ்' என்றுதான் பெயர், யாரைப் பார்த்தாலும் அதே கேள்விதான், பெரிய டாக்டரே எதிரில் வந்தால்கூடக் கேட்டுவிடும் என்றார். இஸ்திரிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

புருஷனுக்கு ஊருக்குள் மடிப்பு மாஸ்டர் என்று பெயர். அவர் தேய்த்த கால்சட்டையின் மடிப்பில் விரலை ஓட்டினால் வெட்டிவிடும் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மேசை. மேசை மேல் மடித்துப் போட்ட கம்பளி, அதன்மேல் வெள்ளைத் துணி. இந்தப் பக்கம் அவர் நின்று தேய்ப்பார். அந்தப் பக்கம் அவள் நின்று தண்ணீர் தெளித்து நீட்டுவாள், தேய்த்ததை வாங்கி மடிப்பாள். கடைக்குள் எந்த மாதமானாலும் கோடைதான். சுவர்கூடச் சூடாக இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நிற்கிற மனுஷனுக்கு, சிறுநீரகம் சுருங்குகிறது, நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று நாலு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து காலையில் ஒரு பாட்டிலை நிரப்பி மேசையோரம் வைத்துவிடுவாள். அன்றைக்கு அவருக்கு அதுதான் தண்ணீர். கஞ்சி குடித்தால் அதற்குத் தகுந்த அளவு பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, ஒருநாள்கூட அவள் ஏமாந்ததில்லை, அவரும் ஒரு வாய் கூடுதலாகக் குடித்து ஏமாற்றியதில்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும்.

இப்போது இரண்டு மாதமாகத்தான் சீர்கெட்டுவிட்டது. கால் வீங்கியது. சோற்றைக் கண்டால் குமட்டியது. ரத்தத்தில் உப்பு, கிரியேட்டினின் என்பார்களே, அது நாலில் நின்றிருந்தது, ஒன்பதைத் தாண்டிவிட்டது. டாக்டர் வந்தபோது மாஸ்டரிடம் சிறுநீர் வருகிறதா என்று கேட்டார். கொஞ்சம்தான் என்றார் மாஸ்டர். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். ஸ்கேன் அறையில் இடமில்லை, அது வியாழக்கிழமைதான் கிடைக்கும், அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது, நாளை மதியம் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்றார். கையெழுத்துப் போடவேண்டிய தாளை இஸ்திரிக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

டாக்டர் தலை மறைந்ததும் மாஸ்டர் சொன்னார்.

"கையெழுத்துப் போட்டுடாத. மெஷின்ல என்னைக் கட்டிப்போட வேணாம். வீட்டுக்குப் போலாம்."

"வீட்டுக்குப் போயி?"

வீட்டுக்குப் போய் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். கையெழுத்துப் போட்டால் இருபத்திரண்டு வருஷம் எதிரில் நின்ற ஆளின் பேச்சை மீறினவள் ஆவாள். போடாவிட்டால் ஆளே இருக்கமாட்டார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்து மூத்திர நர்ஸ் மறுபடி வந்தாள். இந்த முறை கேள்வி அவளிடம்.

"அக்கா, வீட்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவாரு?"

இஸ்திரிக்காரம்மா பெருமையாகவே சொன்னாள். "பத்து, பன்னெண்டு தடவை போவாரு. அதுல ஒரு குறையும் இல்ல சிஸ்டர்."

நர்ஸ் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட அண்ணன் கொஞ்சம்தான்னு சொல்லியிருக்காரு. நீங்க பத்துத் தடவைங்கிறீங்க. எத்தனை தடவைன்னு நீங்க சொல்லிட்டீங்க. எவ்வளவுன்னு யாருமே சொல்லலையே."

"நான் என்ன, டம்ளரை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போறதா?"

வாயிலிருந்து வெடுக்கென்று வந்துவிட்டது. நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டாள். இவளுக்கெல்லாம் இதே வேலைதான் போலிருக்கிறது என்று இஸ்திரிக்காரம்மா முணுமுணுத்தாள். சொன்னபடியே, அவளுக்கு அதுதான் வேலை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நர்ஸ் படுக்கை விரிப்பு மாற்ற வந்தாள். மாஸ்டரை ஒருபக்கமாகச் சாய்த்து, பழைய விரிப்பை முதுகுவரை சுருட்டி, புதியதை அந்த இடத்தில் விரித்து, அவரை இந்தப் பக்கம் உருட்டி இழுத்தாள். மூன்று அசைவில் முடிந்துவிட்டது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. துணியைக் கையாளத் தெரிந்தவள் என்று இஸ்திரிக்காரம்மா மனதுக்குள் ஒத்துக்கொண்டாள். பிறகு மாற்றுத்துணி எங்கே என்று நர்ஸ் கேட்டாள். பையில் ஏழு பைஜாமா இருந்தது. ஏழும் தேய்த்தது. நர்ஸ் ஒன்றை எடுத்து உதறப் போனவள், நிறுத்தி, மூக்கருகே கொண்டுபோனாள்.

இஸ்திரிக்காரம்மாவுக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. "அது உடம்பு வாடை சிஸ்டர். கிட்னி போனா உடம்பே அப்படித்தான் வாடை அடிக்கும்னு சொன்னாங்க. நாங்க அழுக்குத்துணி கட்டுறவங்க இல்ல."

"தெரியும் அக்கா. துணியைப் பாத்தாலே தெரியுது." நர்ஸ் கட்டில் மேல் குனிந்து மாஸ்டரின் மூச்சை மோந்து பார்த்தாள். "உப்பு ஏறின வாடை வாயில வரும், மூச்சுல வரும். அது வேற. இது துணியில இருக்கு. இதை யாரு தேய்ச்சது?"

"அவருதான். ரெண்டு மாசமா அவர் துணியை என்னைத் தொடவே விடுறதில்ல. உனக்கு ஏன் சிரமம்னு சொல்லி..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். நர்ஸ் பைஜாமாவின் உட்புறத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். மங்கலாக ஒரு மஞ்சள் விளிம்பு. அதன்மேல் இன்னொன்று. ஊருக்கே கறை பார்த்துச் சொல்கிறவள் இஸ்திரிக்காரம்மா. இது எண்ணெய், இது வியர்வை, இது பேனா மை, இதைத் தேய்த்தால் வெந்து துணியோடு ஒட்டிக்கொள்ளும், முதலில் அலசிக் கொண்டுவா என்று வாடிக்கைக்காரர்களைத் திருப்பி அனுப்புகிறவள். அலசாமல் ஈரத்தோடு தேய்த்த கறை அது. தன் வீட்டுத் துணியில் இருந்ததை வேறொருத்தி எடுத்துக் காட்டித்தான் அவள் பார்க்க வேண்டியிருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

நர்ஸ் திரையை இழுத்து மூடினாள். வார்டு முழுக்கக் கேட்கும் அந்தக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, தங்கை அண்ணனிடம் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டாள். நர்ஸ் அவசரப்படுத்தவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. கடைசியில் மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டு மாதமாக இப்படித்தான். முட்டிக்கொண்டு வரும், ஓடிப்போய் நின்றால் நாலு சொட்டு. திரும்பி வந்து இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தால் தானாகச் சொட்டும். வேலை செய்யும்போதும் சொட்டும், தூங்கும்போதும் சொட்டும். அவள் துணி கொடுக்கப் போகிற நேரம் பார்த்து நனைந்ததைக் கழற்றி மேசையில் போட்டு ஒரு தேய் தேய்த்தால் இரண்டே நிமிஷத்தில் காய்ந்துவிடும். திரும்ப மாட்டிக்கொள்வார். அலசிக் காயப்போட்டால் கொடியில் தெரிந்துவிடுமே.

"கிட்னி முடியறப்ப இப்படித்தான் முடியும்போலன்னு நெனச்சேன்மா. தண்ணி குடிச்சா சொட்டும்னு தண்ணியையும் குறைச்சேன். பாட்டில்ல பாதியை ஜன்னல் வழியா ஊத்திடுவேன்."

இஸ்திரிக்காரம்மா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாகத்தில் நாக்கு ஒட்டக் கிடந்தவர் ஜன்னல் வழியாகத் தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்.

நர்ஸ் அவருடைய சட்டையை விலக்கி வயிற்றின்மேல் ஒரு கையை வைத்து, மற்றக் கை விரலால் அதன்மேல் தட்டினாள். மேல் வயிற்றில் தொம்தொம் என்று கேட்டது. தொப்புளுக்குக் கீழே வந்ததும் சத்தம் மாறிவிட்டது. மரப்பலகையைத் தட்டின மாதிரி அமுங்கின சத்தம். லேசாக அழுத்தியதும் மாஸ்டர் முகத்தைச் சுளித்து, போகணும்போல இருக்கு என்றார்.

"அக்கா, நீங்களும் கை வெச்சுப் பாருங்க."

அவள் வைத்துப் பார்த்தாள். தோலுக்கடியில் உருண்டையாக, இறுக்கமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"கட்டியா சிஸ்டர்?"

"கட்டி இல்ல. மூத்திரம். கிட்னி நின்னுபோச்சு, மூத்திரம் வத்திடுச்சுன்னு எல்லாரும் நெனச்சோம். வத்தல. வெளிய போக வழியில்லாம தேங்கி நிக்குது. தொட்டி நெறஞ்சா மேல வழியுமில்ல? அந்த வழியிறதைத்தான் நீங்க பத்துத் தடவைன்னு எண்ணினீங்க. இவரு கொஞ்சம்னு சொன்னாரு. ரெண்டு பேரும் பொய் சொல்லல."

அதன்பிறகு வீட்டில் என்னென்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று கேட்டாள். இஸ்திரிக்காரம்மா பையைக் கவிழ்த்தாள். ரத்தக்கொதிப்பு மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, சீட்டில் எழுதியவை எல்லாம் சரியாக இருந்தன. கடைசியாகச் சீட்டில் இல்லாத ஓர் அட்டை விழுந்தது. சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரைகள். அதைக் கையில் எடுத்தபோது அவளுக்கே ஏதோ உறைத்தது. உப்பு ஏறினவர்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். மாஸ்டர் ரத்தம் வரச் சொறிவார், விடிய விடியத் தூங்கமாட்டார். பார்க்கச் சகிக்காமல் அவள் மருந்துக்கடையில் சொல்லி அரிப்புக்கென்று வாங்கினாள். ஒன்று கொடுத்ததும் தூங்கினார். நல்லதாயிற்றே என்று இரண்டாக்கினாள். பகலுக்கும் ஒன்று சேர்த்தாள். இரண்டரை மாதமாக.

நர்ஸ் அட்டையைத் திருப்பிப் படித்தாள். வயதான ஆண்களுக்கு மூத்திரப்பையின் வாயிலிருக்கும் சுரப்பி வீங்கியிருக்கும், அந்த வழி ஏற்கெனவே ஒடுக்கம், அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் பையை அழுத்தி வெளியேற்றுகிற சக்தி போய்விடும் என்று விளக்கினாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனாலும் கேட்கிறவளுக்குக் கேட்கத்தானே செய்யும்.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

"அரிக்குதுன்னு குடுத்தீங்க. அரிப்பு நிஜந்தானே. எந்தப் பொண்டாட்டியும் அதைத்தான் செய்வா. ஆனா இனிமே சீட்டுல இல்லாத எதைக் குடுத்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க."

அந்த வார்டில் ஒவ்வொரு நோயாளியின் கோப்பிலும் கடைசியாக ஒரு தாள் உண்டு. நர்ஸ்கள் எழுதுகிற தாள். நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டர் வேலை. அந்த நோயை வைத்துக்கொண்டு ஆள் என்ன பாடுபடுகிறார், எதனால் படுகிறார், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று எழுதுவது நர்ஸின் வேலை. நர்ஸ்கள் எழுதி நர்ஸ்களே படிக்கும் தாள் அது என்று ஐந்தாம் நம்பர்காரர் கிண்டல் செய்வதுண்டு. நர்ஸ் அதில் நின்றபடியே எழுதினாள். பத்து மணிக்கு டாக்டர் வந்து, கையெழுத்து வாங்கியாயிற்றா என்று கேட்டதும் கோப்பை நீட்டி, "சார், கழுத்துல குழாய் போடறதுக்கு முன்னாடி இந்தக் கடைசித் தாளைப் பாத்துடுங்க" என்றாள். அவர் கை நிறைய வேலையோடு நின்றார். சரி, பிறகு பார்க்கிறேன் என்றார். அவள் வழியை விட்டு நகரவில்லை. தானே படித்தாள்.

"சிறுநீர் தேங்கி நிற்கிறது. நிரம்பி வழிவதால் இரவும் பகலும் சொட்டுகிறது. காரணமாக இருக்கக்கூடியவை, சுரப்பி வீக்கமும் அரிப்புக்காகச் சாப்பிட்ட மாத்திரையும். நோயாளி வெட்கப்பட்டு மறைத்திருக்கிறார்."

இஸ்திரிக்காரம்மா ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள். பெரிய டாக்டரை இப்படி நிறுத்தி வைத்தால் திட்டாமல் விடுவாரா? நர்ஸின் கழுத்து நரம்பு துடிப்பது அவளுக்குத் தெரிந்தது. நர்ஸுக்கும் பயம்தான், ஆனால் நின்றாள். டாக்டர் கட்டிலருகே போய்த் தானும் தட்டிப் பார்த்தார். கையில் பிடித்து வயிற்றில் வைக்கிற சின்ன ஸ்கேன் மெஷினைப் பக்கத்து வார்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார். அதில் ஆயிரத்து நூறு மில்லி காட்டியது.

"நேத்தே நான் தட்டிப் பாத்திருக்கணும் சிஸ்டர்" என்றார். அதை எல்லார் முன்னாலும் சொன்னார். அவரும் நல்ல மனுஷன்தான்.

குழாய் கழுத்துக்குப் போகவில்லை, கீழே போனது. நர்ஸே போட்டாள். திரைக்கு வெளியே கட்டிலோரத்தில் தொங்கிய பை நிறையத் தொடங்கியது. பையில் நூறு நூறாகக் கோடு போட்டிருந்தது. ஐந்தாம் நம்பர்காரர் தலையை உயர்த்திப் பார்த்து, பழைய வேலை ஞாபகத்தில், "மூணாவது மாடி... நாலாவது மாடி..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது மாடியில் நின்றது. மாஸ்டர் இரண்டு மாதத்துக்குப் பிறகு காலை நீட்டிப் படுத்தார். நர்ஸ் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் நோயாளிகளுக்குச் சாப்பாடு வந்து போயிற்று, அவள் உட்காரவே இல்லை.

கையெழுத்துத் தாள் பையிலேயே கிடந்தது. நாலாம் நாள் உப்பு ஆறுக்கு இறங்கியது. எட்டாம் நாள் ஐந்து. இஸ்திரிக்காரம்மா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, சரியாகிவிட்டதா என்று கேட்டாள். நர்ஸுக்கு இனிக்க இனிக்கப் பேசத் தெரியாது.

"பழைய கிட்னி ஆகாது அக்கா. மெஷின் ஒருநாள் வரும். அடுத்த வருஷமோ, அதுக்கு மேலயோ. அது தானா வரட்டும். நாமளே போய்க் கூட்டிக்கிட்டு வர வேணாம்."

மாஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் கழித்து, மெஷினில் படுத்தால் வலிக்குமா என்று ஐந்தாம் நம்பர்காரரிடம் கேட்டார். ஊசி குத்துகிற நேரம்தான், அப்புறம் தூக்கம்தான் வரும் என்றார் அவர். வீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சை அதன்பிறகு மாஸ்டர் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவருக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டும்போது இஸ்திரிக்காரம்மா மாத்திரை விஷயத்தைச் சொல்லி அழுதாள். அவர் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"நீ குடுத்த, நான் மறைச்சேன். மேசைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். எந்த வேலையத்தான் நாம தனியா செஞ்சோம்?"

பத்தாம் நாள் காலை எட்டு மணிக்குக் குழாயை எடுத்தார்கள். சுரப்பி வீக்கத்துக்கு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. இனி மாஸ்டர் தானாகப் போக வேண்டும். மதியம் இரண்டு மணிக்குள் இருநூறு மில்லியாவது போகவில்லையென்றால் மறுபடி குழாய், வீட்டுக்கும் பையைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் போகவேண்டும் என்று நர்ஸ் சொல்லி, கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடியைக் கையில் கொடுத்தாள். பையோடு மேசைமுன் நிற்கமாட்டேன், கடையை மூடிவிடு என்றார் மாஸ்டர். கடையை மூடினால் இந்த மனுஷன் எதற்காக எழுந்திருப்பார் என்று இஸ்திரிக்காரம்மாவுக்குத் தெரியவில்லை.

பத்து மணிக்குப் போனார், ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டுக்குப் போனார், வரவில்லை. ஒரு மணிக்கு நர்ஸ் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறது என்றாள். இரண்டு மணிக்கு அவளுடைய வேலைநேரம் முடிந்தது. அடுத்து வந்த நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாக நின்று எல்லாம் சொல்லி ஒப்படைத்தாள். ஆறாம் நம்பருக்கு மட்டும் டாக்டரிடம் இன்னொரு மணிநேரம் கேட்டு வாங்கினாள். உடை மாற்றிக்கொண்டு கைப்பையோடு வந்தவள் வாசலைப் பார்த்துப் போகாமல், கழிப்பறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் இஸ்திரிக்காரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

"வீட்டுக்குப் போம்மா. புள்ளைங்க தேடும்."

"போறேன் அக்கா. என் கையால எடுத்த குழாய். முடிவு தெரியாம போனா சோறு இறங்காது."

எப்போது சிஸ்டர் போய் அம்மா வந்தது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாஸ்டர் ஜாடியை எடுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸ் எழுந்து கதவுக்கு வெளியே இருந்த குழாயைத் திறந்து தண்ணீரை வாளியில் ஓடவிட்டாள். சிலருக்கு அந்தச் சத்தம் உதவும். கொஞ்சம் பொறுத்து மூடினாள். மூடிய பிறகும் உள்ளே சத்தம் கேட்டது. விட்டுவிட்டு வந்தது, பிறகு விடாமல் வந்தது. இஸ்திரிக்காரம்மா நர்ஸின் முழங்கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

கதவு திறந்தது. ஜாடியின்மேல் போட்டு மூடிக்கொள்ள நர்ஸ் காலையில் கொடுத்த துண்டு மாஸ்டர் தோளில் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. ஜாடியை இரண்டு கையாலும் நெஞ்சளவில் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் இருந்தவர்களைக்கூடக் கவனிக்காமல் வார்டுக்குள் நடந்தார். கட்டின பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாதென்று ஈரத்தை நெருப்பில் காயவைத்த மனுஷன், கழிப்பறையை ஒட்டிய பன்னிரண்டாம் நம்பரிலிருந்து ஆறாம் நம்பர்வரை, பார்க்க வந்த ஜனங்களெல்லாம் நின்று பார்க்க, ஒரு சொட்டு சிந்தாமல் நடந்தார். லிஃப்ட்காரர் எழுந்து உட்கார்ந்து வழிவிடுவதுபோலக் காலை மடக்கிக்கொண்டார். பின்னாலேயே ஓடிவந்த மனைவியிடம் மாஸ்டர் ஜாடியை நீட்டினார்.

"நீயே பாத்துச் சொல்லு."

அவளுக்குக் கண் நிறைந்து கோடு எதுவும் தெரியவில்லை. நர்ஸ் பக்கத்தில்தான் நின்றாள், எட்டிப் பார்த்துத் தானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, காத்திருந்தாள். இஸ்திரிக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி, ஒவ்வொரு கோடாக எண்ணினாள்.

"முன்னூத்தி நாப்பது" என்றாள், வார்டு முழுக்கக் கேட்கிற குரலில்.